கணக்கின் காப்பும் மீட்பும்

கணக்கு என்பது ஒன்று இல்லையாயின், கொடுப்பாருக்கும் கொள்வாருக்கும் இடையே நம்பிக்கை நில்லாது. நாடாளும் அரசு முதல் நாட்டுப்புறத்து மளிகைக் கடை ஈறாக யாவும் கணக்கினாலேயே நடைபெறுகின்றன. முற்காலத்தே அக்கணக்கு ஓலையில் இருந்தது; பின்னர்க் காகிதப் பேரேட்டில் இருந்தது; இக்காலத்தே கணிப்பொறியின்கண் தரவுத்தளம் என்னும் வடிவில் இருக்கின்றது. ஏடு அழிந்தால் யாது செய்வது என்னும் கேள்வி மட்டும் இம்மூன்று நிலைக்கும் பொதுவாகும். அதற்கு இக்காலத்து அறிஞர் கண்ட விடைகள் பல. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எவ்விடத்துக்கு எது தக்கது என்பதை நம் மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் எளிதில் உணருமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏலக் கணக்கு

போடிநாயக்கனூரை அடுத்துள்ள ராசிங்காபுரத்தினின்றும் அதன் சுற்றூர்களினின்றும் ஏல மலைக்கு வேலைக்குச் செல்வோர் பலர். மலைமேல் சிறு தோட்டம் உடையோரும் உளர். மலையில் பறித்து, ஸ்டோரில் சூடேற்றி உலர்த்தி, தரம் பிரித்து, மூட்டையாகக் கட்டப்பட்ட ஏலக்காய், போடிநாயக்கனூரிலோ மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலோ ஏலத்தில் விலைபோகின்றது. முன்னாளில் ஏலம் வாய்மொழியாகவே நிகழ்ந்தது. 2007-ஆம் ஆண்டில் ஸ்பைசஸ் போர்டு என்னும் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைப் புகுத்தியது. வியாபாரிகள் கணிப்பொறியின் முன் அமர்ந்து விலை கேட்கலாயினர். 2021-ஆம் ஆண்டில், போடியில் இருப்பவரும் புற்றடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் ஒருங்கே கலந்துகொள்ளும் ஏற்பாடும் வந்தது.

இவ்வேலத்தில் ஒரு லாட்டுக்கு ஒரு வரி. இன்னாருடைய சரக்கு, இத்தனை மூட்டை, இத்தனை கிலோ, இன்ன விலை, வாங்கினவர் இன்னார் என்பவை அவ்வரியில் அடங்கும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் விலை கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாயை எட்டியது. அவ்விலைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றின் மதிப்பு 3,50,000 ரூபாயாகும். ஆண்டு முழுதும் மழையிலும் அட்டையிலும் உழன்ற ஒரு குடும்பத்தின் பலன், ஒரு காந்தத் தகட்டின்மேல் ஊசி முனையளவும் இல்லாத இடத்தில் அமைந்த ஒரு வரியாக நிற்கின்றது என்பதை எண்ணிப் பார்க்குமிடத்து, அவ்வரியைக் காப்பது எத்துணைப் பெரிய கடமை என்பது புலனாகும்.

எந்த நிலையத்தின் உள் ஏற்பாட்டையும் நாம் இங்கு ஆராயப் புகவில்லை. விளக்கத்தின் பொருட்டு, இத்தகைய ஏலக் கணக்கு ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அழிவின் வழிகளும் இரண்டு கேள்விகளும்

கணக்குக்கு அழிவு வரும் வழிகள் நான்கு. முதலாவது, கருவி பழுதுபடுதல்; மின்சாரம் திடீரென நிற்பதும் தகடு கெடுவதும் இதன்பாற்படும். இரண்டாவது, மனிதர் கைத்தவறு. மூன்றாவது, பகைவரும் திருடரும் செய்யும் தீங்கு. நான்காவது, தீயும் வெள்ளமும் நிலச்சரிவும் போன்ற பேரிடர். ஒரு வழியை அடைக்கும் காப்பு மற்றொரு வழியை அடைப்பதில்லை. ‘எங்களிடம் காப்புப் பிரதி இருக்கின்றது’ என்று சொல்லுவோர், அது இந்நான்கனுள் எதற்கு எதிராக என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

எம்முறையையும் அளந்தறிய இரண்டு கேள்விகள் போதும். அழிவு நேர்ந்த கணத்துக்கு முன் எவ்வளவு நேரத்துக் கணக்கு போய்விட்டால் நாம் பொறுத்துக்கொள்ளக்கூடும் என்பது ஒன்று. மீண்டும் வேலை தொடங்கும் வரையில் எவ்வளவு நேரம் காத்திருக்கக்கூடும் என்பது மற்றொன்று. முன்னதை இழப்பின் எல்லை என்றும், பின்னதைக் காத்திருப்பின் எல்லை என்றும் இங்கு வழங்குவோம். ஏலம் நடக்கும் நாளில் ஒரு லாட்டும் இழக்கத் தகாது. ஆதலின் இழப்பின் எல்லை ஏறக்குறையச் சூனியம். ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியலிலோ, நேற்றைய பிரதி இருந்தால் இன்று சேர்த்த பத்து நூல்களை மறுபடியும் எழுதிக்கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் ஒரே செலவு செய்வது அறிவுடைமை ஆகாது.

பிரதி எடுக்கும் முறைகள்

பிரதி எடுக்கும் முறைகளுள் முதன்மையானவை மூன்று. எடுத்துக்காட்டாக, ஒரு தரவுத்தளம் 100 ஜிகாபைட் அளவுடையதென்றும், அதில் நாள்தோறும் 5 ஜிகாபைட் அளவுக்குப் புதிய மாறுதல் நிகழ்கின்றதென்றும் கொள்வோம்.

முதல் முறை முழுப் பிரதி. நாள்தோறும் முழுவதையும் படியெடுப்பது இது. ஒரு கிழமைக்கு 700 ஜிகாபைட் இடம் வேண்டும். எடுப்பதற்கும் நேரம் மிகுதி. ஆயினும், மீட்கும்போது கடைசிப் பிரதி ஒன்றே போதும்.

இரண்டாவது, வேறுபாட்டுப் பிரதி. ஞாயிறன்று முழுப் பிரதி; பின்னர் ஒவ்வொரு நாளும், அந்த ஞாயிறு முதல் மாறியவை அனைத்தும். திங்களன்று 5, செவ்வாயன்று 10 என வளர்ந்து, சனியன்று 30 ஆகும். ஆகக் கிழமைக்கு 205 ஜிகாபைட். மீட்கும்போது ஞாயிற்றுப் பிரதியும் கடைசி நாளைய பிரதியும் ஆகிய இரண்டு வேண்டும்.

மூன்றாவது, ஏறுமுகப் பிரதி. ஞாயிறன்று முழுவதும், பின்னர் ஒவ்வொரு நாளும், முந்தைய நாளுக்குப் பின் மாறியவை மட்டும். கிழமைக்கு 130 ஜிகாபைட்டே ஆகும். ஆயின், சனிக்கிழமை இரவுப் பிரதி வரையில் மீட்க வேண்டுமாயின், ஞாயிறு முதலாக ஏழு துண்டுகளையும் வரிசை பிறழாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுதல் வேண்டும். புதன்கிழமைத் துண்டு கெட்டிருப்பின், வியாழன் முதலானவை இருந்தும் பயனில்லை. சங்கிலியின் ஒரு கண்ணி அற்றால் கீழுள்ள பாரம் முழுதும் விழுவது போலாம்.

எடுக்கும்போது மிச்சப்படுத்தியதை மீட்கும்போது செலவிட நேரும் என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும். சிறு கணக்குடையோர் முழுப் பிரதியையே நாள்தோறும் எடுப்பது நன்று. பெருங் கணக்குடையோர்க்கு மற்றவை இன்றியமையாதன.

பிரதியின் வடிவும் இருவகை. தரவுத்தளத்தின் உட்பொருளை எழுத்துவடிவான கட்டளைகளாக வெளியிட்டு வைப்பது ஒன்று. தகட்டில் உள்ள கோப்புகளை உள்ளவாறே படியெடுப்பது மற்றொன்று. முன்னது வேறு பொறியிலும் வேறு பதிப்பிலும் ஏற்றத்தக்கது. ஆனால் பெருங் கணக்காயின் ஏற்ற நெடுநேரம் பிடிக்கும். பின்னது விரைவில் ஏறும். ஆனால் பெரும்பாலும் அதே மென்பொருளின் அதே பதிப்பை நாடி நிற்கும்.

சிட்டையும் பேரேடும்

மேற்கூறிய மூன்றும் நாளுக்கொரு முறை எடுப்பவை. பிற்பகல் மூன்று மணிக்குத் தகடு கெட்டால், அன்று காலை முதல் நடந்த ஏலம் முழுதும் போய்விடுமே. அதற்கு வழி யாது? நம் வணிகர் நெடுங்காலமாகக் கையாண்ட முறையிலேயே இதற்கு விடை இருக்கின்றது. கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தவுடன் அதனைச் சிட்டையில் வரிசையாகக் குறிப்பர்; பின்னர் ஓய்வாக அமர்ந்து, ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவர். பேரேடு தொலைந்தாலும், பழைய பேரேட்டுப் படியும் அதன் பின்னுள்ள சிட்டைகளும் இருக்குமாயின், இன்றைய பேரேட்டை மறுபடியும் எழுதிவிடலாம். தரவுத்தளமும் எந்த மாறுதலையும் பேரேட்டில் ஏற்றுமுன், லாக் எனப்படும் தன் சிட்டையில் எழுதிக்கொள்கின்றது.

இச்சிட்டையைக்கொண்டு மீட்கும் முறையைச் செம்மையாக வகுத்தவருள் தலைசிறந்தவர் சி. மோகன் என்னும் தமிழ்நாட்டு அறிஞர். சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் 1981-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றியவர் அவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1992-இல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ என்னும் முறை, அதன்பின் தோன்றிய பல தரவுத்தளங்களுக்கு அடிப்படையாக அமைந்தது. அதன் போக்கை நம் ஏலக் கணக்கில் வைத்துக் காண்போம்.

ஏலம் நடந்துகொண்டிருக்கையில் முற்பகல் 11-20 மணிக்கு மின்சாரம் நின்றது என்க. 41-ஆம் லாட்டு விற்று முடிந்து, ‘முடிந்தது’ என்று சிட்டையில் பதிவாகிவிட்டது. ஆனால் பேரேட்டில் இன்னும் ஏறவில்லை. 42-ஆம் லாட்டில், தோட்டக்காரர் கணக்கில் வரவு எழுதப்பட்டது. வியாபாரி கணக்கில் பற்று எழுதுமுன் பொறி நின்றது. மீண்டும் மின்சாரம் வந்தவுடன் தரவுத்தளம் மூன்று முறை சிட்டையைப் புரட்டுகின்றது. முதற்கண் ஆய்வு: கடைசியாகக் குறித்துவைத்த நிலையினின்று படித்து, முடிந்தவை யாவை, முடியாதவை யாவை என்று பிரித்தறிகின்றது. இரண்டாவது மறுசெயல்: நிகழ்ந்தவற்றை, முடிந்தவை முடியாதவை என்னும் வேற்றுமையின்றி, நிகழ்ந்த வரிசையிலேயே மீண்டும் நிகழ்த்தி, மின்சாரம் நின்ற கணத்தில் இருந்த நிலையை உண்டாக்குகின்றது. மூன்றாவது நீக்கல்: முடியாதவற்றைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக அழிக்கின்றது. முடிவில் 41-ஆம் லாட்டு முழுமையாக நிற்கும். 42-ஆம் லாட்டு தொடங்காததுபோல் ஆகிவிடும். அதனை மறுபடியும் ஏலம் கூறலாம். பாதிக்கணக்கு ஒன்றும் தங்காது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அழிக்கும் ஒவ்வொரு செயலையும் தரவுத்தளம் சிட்டையிலேயே எழுதிக்கொள்கின்றது. மீட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மின்சாரம் நின்றாலும், எதுவரை அழித்தோம் என்பது தெரியும். ஒன்றை இருமுறை அழிக்கும் பிழை நேராது. மழைக்காலத்தில் ஒரே மணி நேரத்தில் மின்சாரம் பலமுறை போய்வரும் மலையடிவாரத்து ஊர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இது தகடு பிழைத்திருக்கும்போது செய்யும் மீட்பு. தகடே கெட்டால், சிட்டையும் அதனுடன் போகும். ஆதலின், சிட்டையின் ஏடுகள் நிரம்ப நிரம்ப அவற்றை வேறோரிடத்துக்கு அனுப்பி வைத்தல் வேண்டும். அப்பொழுது, பழைய முழுப் பிரதியை ஏற்றி, அதன்மேல் சிட்டைகளை ஓட்டி, வேண்டிய கணம் வரையில் கணக்கை எழுப்பலாம். கட்டணமின்றி வழங்கும் போஸ்ட்கிரெஸ்-க்யூ-எல் என்னும் தரவுத்தளத்திலும் இவ்வசதி 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த 8.0 பதிப்பு முதல் உண்டு. இதன் பெரும் பயன் கைத்தவறுக்கு எதிராக விளங்கும். எழுத்தர் ஒருவர் பிற்பகல் 2-10 மணிக்கு, ஒரு பருவத்துக் கணக்கு முழுவதையும் அறியாது அழித்துவிட்டார் எனின், சிட்டையை 2-09 மணியோடு நிறுத்திக்கொள்ளலாம். நாட்பிரதி ஒன்றையே நம்பியவர் அன்றைய வேலையை இழப்பர். சிட்டையையும் காத்தவர் ஒரு நிமிட வேலையையே இழப்பர்.

நிழற்படி

விரைவை நாடுவோர் மற்றொரு முறையைக் கையாளுவர். முதற்பொறியில் எழுதுவதெல்லாம் உடனுக்குடன் இரண்டாம் பொறியிலும் எழுதப்படும். முதற்பொறி நின்றால் இரண்டாவது சில நொடிகளில் அதன் இடத்தை ஏற்கும். இதனை நிழற்படி என்போம். காத்திருப்பின் எல்லையைக் குறுக்குவதில் இதற்கு இணையில்லை. ஆயினும், உருவம் குனிந்தால் நிழலும் குனியும். 2-10 மணிக்கு முதற்பொறியில் அழித்தது அடுத்த கணமே இரண்டாம் பொறியிலும் அழிந்துவிடும். கருவிப் பழுதுக்கு நிழற்படி நல்ல காப்பு. கைத்தவறுக்கு அது காப்பே ஆகாது.

மூலத்தின் குறை படியிலும் தொடரும் என்பதற்கு நம் இலக்கிய வரலாறே சான்று. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1904-ஆம் ஆண்டில் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபொழுது, அவருக்குக் கிடைத்த ஏடுகளில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. ஏட்டுக்கட்டில் முன்னும் பின்னுமுள்ள ஓலைகளே முதலில் சிதைவன. அவை போனபின் எத்தனை படி எடுத்தாலும் எட்டுப் பத்தே வரும். ஆதலின், இன்றைய படியோடு பழைய படிகளும் வேண்டும். கணிப்பொறித் துறையினர் இதற்குப் பாட்டன், தந்தை, மகன் என்னும் முறையை வகுத்துள்ளனர். நாட்பிரதி ஏழு, கிழமைப் பிரதி நான்கு, மாதப் பிரதி பன்னிரண்டு, ஆக 23 பிரதிகளை வைத்திருப்பின், ஆறு திங்களுக்கு முன் புகுந்து இன்று கண்டறியப்பட்ட பிழைக்கும் மருந்து கிடைக்கும்.

தூரத்தின் காவல்

பிரதி பலவாயினும் அவை ஓரிடத்திலேயே இருக்குமாயின், தீக்கு அவை ஒன்றே. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு தொடங்கிய கலவரத்தில் தீக்கிரையாயிற்று. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அங்கே அழிந்தன. கட்டடம் பின்னாளில் மீண்டும் எழுந்தது. அச்சிட்ட நூல்களை வேறிடங்களிலிருந்து பெறவும் முடிந்தது. வேறு படி இல்லாத சுவடிகளோ போனவை போனவையே.

அவ்விழப்பு ஓலைக்காலத்து வறுமையால் நேர்ந்தது என்று எண்ணுவோர், அண்மையில் தென்கொரியாவில் நிகழ்ந்ததைக் கருதுக. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், தேஜோன் நகரத்தில் அந்நாட்டு அரசின் தரவு நிலையத்தில் மின்கலங்களிலிருந்து தீ எழுந்தது. அரசின் நூற்றுக்கணக்கான சேவைகள் நின்றன. அரசு அலுவலர் தம் கோப்புகளை இட்டுவைத்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பகம், 858 டெராபைட் அளவோடு முற்றும் அழிந்தது. அளவு மிகப் பெரிதாயிருந்தமையால் அதற்கு வெளியிடத்தில் பிரதி வைக்கப்படவில்லை. கணிப்பொறிக் கலையில் உலகின் முன்னணியில் நிற்கும் நாட்டிலேயே இது நிகழ்ந்தது.

பீட்டர் கிரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்று இன்று எங்கும் வழங்குகின்றது. அது மூன்று, இரண்டு, ஒன்று என்பது. மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள். அவை இருவகைப் பொருள்களில். அவற்றுள் ஒன்று வேற்றூரில். இவ்விதியில் வேற்றூர் என்பதனை நம் மலையடிவாரத்தார் கருதிப் பார்த்தல் வேண்டும். போடியில் மூலமும் புற்றடியில் பிரதியும் இருக்குமாயின், ஊர் இரண்டாயினும் மலை ஒன்றே. 2018 ஆகஸ்டில் பெருமழை பெய்தபோது இடுக்கி மாவட்டம் முழுதும் நிலச்சரிவுகளால் வழிகள் அறுந்தன. புகைவண்டி வழியே போடியிலிருந்து 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையில் ஒரு படி இருக்குமாயின், மலைக்கு நேரும் தீங்கு அதனைத் தீண்டாது. படி இருக்கும் ஊரைத் தேரும்போது, மைல்கணக்கை எண்ணுவதோடு நில்லாமல், ஒரே மழையும் ஒரே மின்கம்பியும் இரண்டு இடத்தையும் தாக்குமா என்று வினவுதல் வேண்டும்.

பகைவர் கை

கணக்கை அழிக்காமல், மறையெழுத்தாக மாற்றிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் கொள்ளை இந்நாளில் மலிந்துள்ளது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் புதுடில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இத்தகைய தாக்குதல் நிகழ்ந்தது. பதிவு, பரிசோதனை முதலிய பணிகள் பல நாட்கள் காகிதத்தில் கையால் நடைபெற்றன. பின்னர், தாக்குதலுக்கு ஆட்படாத காப்புச் சர்வர் ஒன்றிலிருந்து மருத்துவமனைக் கணக்கு மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டதாக அரசு அறிவித்தது.

இதனால் அறியத்தக்கன இரண்டு. கள்வன் ஒரு பொறியில் புகுந்தால், அதனோடு இணைந்தவை யாவற்றிலும் புகுவான். ஆதலின் ஒரு படியாவது இணைப்பு அறுத்து, அல்லது எழுதியபின் எவராலும் மாற்ற முடியாதவாறு, தனியே வைக்கப்படுதல் வேண்டும். படி நலமாயிருப்பினும் மீட்பு ஒரு நாளில் முடியாது. ஆதலின் காத்திருக்கும் நாட்களில் கையால் வேலை நடத்தும் வகையையும் முன்னரே வகுத்தல் வேண்டும்.

படிகள் பெருகப் பெருகத் திருட்டுக்கு இடமும் பெருகும் என்பதையும் மறத்தலாகாது. மதுரைக்கு அனுப்பும் படியை மறையெழுத்தாக்கியே அனுப்புக. ஆனால் அதன் திறவுகோல் போடியில் உள்ள பொறியில் மட்டும் இருக்குமாயின், பொறி அழிந்த நாளில் மதுரைப் படி திறவாப் பெட்டியாகக் கிடக்கும். திறவுகோலுக்கும் தனியே ஒரு படி வேண்டும்.

மீட்டுப் பார்த்தல்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் பழமொழி. மீட்டுப் பார்க்காத பிரதி அத்தகைய சுரைக்காயே. கிட்லாப் என்னும் நிறுவனம், நிரல் எழுதுவோர் தம் வேலையைச் சேமித்துவைக்கும் தளம் ஒன்றை நடத்துவது. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், அங்கே நிழற்படியைச் செப்பம் செய்ய முயன்ற பொறியாளர் ஒருவர், இரண்டாம் பொறி என்று கருதி முதற்பொறியின் கோப்புகளை அழிக்கும் கட்டளையை இட்டார். சில நொடிகளில் அவர் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிகாபைட் மறைந்தது. காப்பு முறைகள் பல அந்நிறுவனத்தில் இருந்தன. நாள்தோறும் எடுக்கப்படுவதாக எண்ணியிருந்த எழுத்துவடிவப் பிரதியைத் தேடினர்; அங்கே ஒன்றும் இல்லை. பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒவ்வாமையால், அது நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் உரியவரைச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் அதே பொறியாளர் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த ஒரு கணப்படியே அவர்களைக் காத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துக் கணக்கு, ஏறக்குறைய 5,000 திட்டங்களும் 700 புதிய பயனர் பதிவுகளும் உட்பட, திரும்பவில்லை. அந்நிறுவனம் நிகழ்ந்தது முழுவதையும் ஒளியாமல் உலகறிய வெளியிட்டது. அதனாலேயே இன்று பிறர் அதனைப் பாடமாகக் கொள்ள முடிகின்றது.

அங்கே குறைந்திருந்தது பிரதி எடுக்கும் கருவியன்று. எடுத்ததைத் திறந்து பார்க்கும் வழக்கமே. இவ்வழக்கத்துக்கு ஆகும் செலவு சிறிது. பருவத்துக்கு ஒரு முறையேனும், பிரதியொன்றை வேறோர் பொறியில் ஏற்றுக. வரிகளின் எண்ணிக்கையையும் தொகைகளின் கூட்டையும் பிரதி எடுத்த கணத்தில் குறித்துவைத்த எண்களோடு ஒப்பிடுக. ஏற்றத் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஏட்டில் எழுதுக. அவ்விரண்டு நேரத்துக்கும் இடைப்பட்டதே நம் உண்மையான காத்திருப்பு. திட்டத்தாளில் எழுதியிருப்பது விருப்பம் மட்டுமே. இச்சோதனையை எப்போதும் செய்பவரல்லாத மற்றொருவர், எழுதிவைத்த குறிப்பை மட்டும் துணைக்கொண்டு செய்வாராயின், அது மிகவும் சிறப்பாகும். விபத்து நேரும் நாளில் வல்லுநர் ஊரில் இருப்பார் என்பதற்கு உறுதி யாது?

எவர்க்கு எது தக்கது

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ராசிங்காபுரத்தில் கணிப்பொறியில் கணக்கெழுதும் ஒரு கடைக்காரருக்கோ சிறு கூட்டுறவுச் சங்கத்துக்கோ நிழற்படி வேண்டுவதில்லை. இரவுதோறும் ஒரு முழுப் பிரதி, அதனைக் கழற்றி வைக்கும் ஒரு தகடு, மறையெழுத்தாக்கி வேற்றூருக்கு அனுப்பும் ஒரு படி, பருவத்துக்கொரு மீட்புச் சோதனை ஆகிய இவை போதும். பகலில் பொறி கெட்டால், அன்றைய ரசீதுகளைக்கொண்டு மறுபடியும் எழுதிக்கொள்ளலாம். ஆதலின் காகித ரசீதை அன்றே எறிந்துவிடாதிருத்தல் நன்று. ஒரு கல்லூரியில் மதிப்பெண்கள் பதிவாகும் நாட்களில் மட்டும் சிட்டைக் காப்பும் சேரவேண்டும். மற்றை நாட்களில் நாட்பிரதி போதுமானது. ஏலம் போன்று நொடிதோறும் பணம் கைமாறும் இடத்திலோ, உடனே இடமேற்க நிழற்படியும், கைத்தவறுக்கு மருந்தாகச் சிட்டைக் காப்பும், பழைய பிழைக்கு மருந்தாகப் பாட்டன் படிகளும், பகைவர்க்கும் பேரிடர்க்கும் எட்டாத வேற்றூர்ப் படியும் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். இவற்றுள் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

எங்கும் முறை ஒன்றே. இழப்பின் எல்லையையும் காத்திருப்பின் எல்லையையும் முதலில் குறித்து, அவற்றுக்கு ஏற்ப முறையைத் தேர்ந்து, பின் மீட்டுப் பார்த்து அவ்வெல்லைகளுள் அடங்கினோமா என்று அறிதல் வேண்டும். விற்போர் காட்டும் கருவியை முதலில் வாங்கிவிட்டு, அது எதற்கு உதவும் என்று பின்னர் எண்ணுவது தலைகீழ் வழியாகும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுக என்பர் பெரியோர். நம் மாணவருள் பலர் நாளை அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் பிறருடைய கணக்கைக் காக்கும் பொறுப்பை ஏற்பர். அக்கணக்கின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒருவருடைய உழைப்போ உடல்நலமோ நிலமோ நிற்கும். அவர் அப்பொறியைக் கண்டும் இரார். அத்தகையோரை நினைவில் வைத்து, தம் கையிலுள்ள பிரதி ஒன்றை இப்பருவ முடிவுக்குள் ஒரு முறை மீட்டுப் பார்ப்பாராயின், அதுவே இக்கட்டுரையைப் படித்ததன் பயனாகும்.